ஜி வரிசை, பதினான்காம் நாற்காலி

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாருடைய கச்சேரியையும் கெடுக்கவில்லை. போலீஸ் வரவில்லை. என்னை யாரும் வெளியே தள்ளவுமில்லை.

போன வாரம் என் சின்னம்மா மகன் தொண்டியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். இருபது விநாடிகூட இருக்காது. பினாங்கில் ஓர் அரங்கம். மேடையில் கறுப்பு உடையில் வரிசையாகப் பாடகர்கள். கீழே, உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவில், நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் மட்டும் எழுந்து நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான். அந்த ஆள் நான்தான். கீழே யாரோ புண்ணியவான் எழுதியிருந்தார்: 'வெள்ளைக்காரன் கச்சேரியில் புகுந்து நம்ம ஊர் ஆள் ரகளை.' ஊர்க் குழுவில் ஒருவர், 'சிராஜு அங்கே போய்க் குடிக்க ஆரம்பிச்சிட்டானா?' என்று கேட்டிருக்கிறார். அது என் உம்மாவின் காதுக்கும் போய், உம்மா போனில் அழுதார்.

ஆகவே இதை எழுதுகிறேன். நான் குடிக்கவில்லை. பதில் சொன்னேன், அவ்வளவுதான். என்ன பதில், யாருக்கு என்பதை முழுதாகப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த வீடியோவை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பினாங்குக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தொண்டி, திருவாடானை, தேவகோட்டை, காரைக்குடி. பின்படியில் நின்று கூவினால் முன்படியில் தூங்குகிறவன் எழுந்து இறங்க வேண்டும், அதுதான் எங்கள் முதலாளியின் கணக்கு. ஊரில் சிலருக்கு என் முகம் மறந்திருக்கலாம், குரல் மறந்திருக்காது.

பிறகு மும்தாஜைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவள் பினாங்கில் பிறந்தவள். அவளுடைய மாமா ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் கடை வைத்திருக்கிறார். சோறும் கறியும் வாங்க வாசல்வரை ஆள் நிற்கும் கடை. அங்கே எனக்குத் தண்ணி கலக்கும் வேலை. தண்ணி என்றால் தேநீர், கோப்பி, மீலோ எல்லாம் சேர்த்து. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து, 'தே ஓ ஆயிஸ் ரெண்டு, கோப்பி ஒன்னு' என்று சத்தம் வரும்; தே ஓ ஆயிஸ் என்றால் பால் விடாத ஐஸ் தேநீர். திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வேன்: 'தே ஓ ஆயிஸ் ரெண்டு, கோப்பி ஒன்னு.' அது போய்ச் சேர்ந்தால்தான் சொன்னவர் அடுத்த மேசைக்கு நகர்வார். பதில் வராவிட்டால் அங்கேயே நின்று மறுபடி கத்துவார். இந்த வேலையில் எனக்குப் பதினாறு வருஷம். கனவில் யாராவது ஏதாவது கேட்டால்கூட நான் திருப்பிச் சொல்கிறேன் என்று மும்தாஜ் சொல்கிறாள்.

அதே பதினாறு வருஷமாக நான் இந்த நாட்டில் இருப்பது மனைவியின் பெயரில். ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகம் போவோம். நான் மட்டும் போனால் செல்லாது, மும்தாஜும் பக்கத்தில் உட்கார வேண்டும். இவர் இன்னமும் என் கணவர்தான், இவருக்கு நான் பொறுப்பு என்று அவள் கையெழுத்துப் போடுவாள். முதல் வருஷம், என்ன நோக்கத்துக்காக இந்த நாட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்கள். நான் எனக்குத் தெரிந்த மலாயில், 'இஸ்திரி' என்றேன். மனைவி என்று அர்த்தம். அந்த அதிகாரி சிரித்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழும். இன்ன கடையில் வேலை செய்யலாம் என்று அதில் இருக்கும். நிரந்தரக் குடியுரிமைக்குப் போட்ட மனு பதினோரு வருஷமாகப் பரிசீலனையில் இருக்கிறது.

எங்கள் மகள் நஸ்ரினுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவள் இங்கே பிறந்தவள், நீல அடையாள அட்டைக்காரி, அதாவது குடிமகள். வயது பதினைந்து. தமிழில் கேட்டால் மலாயில் பதில் வரும், மலாயில் கேட்டால் இங்கிலீஷில். பெரும்பாலும் பதிலே வராது. காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடை முழுக்கக் கேட்கிற என் குரல், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் எட்டடி தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்காது. மூன்று முறை கூப்பிட்டால் ஒரு முறை திரும்புவாள். 'அத்தா, யூ ஆர் டூ லவுட் லா.' தோழிகளோடு வந்தால் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாக நான் காட்டிக்கொண்டதில்லை.

3

நோரா எங்கள் கடைக்குப் பல வருஷ வாடிக்கை. அயர்லாந்துக்காரி, எழுபதை நெருங்கும் வயது. பினாங்குக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் இறந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். சிவப்பு அடையாள அட்டை, அதாவது நிரந்தரவாசி. எல்லாரையும்போல என்னை 'அனே' என்றுதான் கூப்பிடுவார். இங்கே சீனரும் மலாய்க்காரரும் வெள்ளைக்காரரும் சாப்பாட்டுக் கடையில் எந்தத் தமிழனைக் கண்டாலும் 'அனே'தான். நம் அண்ணன் இங்கே அப்படித் தேய்ந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் நோரா சாப்பாட்டை முடித்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். பாட்டுக் குழு ஒன்றை நடத்துகிறாராம், அடியாழத்துக் குரலுக்கு ஆள் இல்லையாம். 'அனே, நீ ஆர்டரைத் திருப்பிச் சொல்கிற குரல் எனக்கு வேண்டும்' என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, 'உன் பெயர் என்ன?' என்று கேட்டார். ஒன்பது வருஷம் தேநீர் குடித்த பிறகு கேட்டார். பரவாயில்லை, கேட்டாரே.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் வடியும். மாமாவிடம் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தேன். சீனர், யூரேஷியர், ஓய்வுபெற்ற ஆஸ்திரேலியர் இரண்டு பேர், நம்மவர்கள் ஏழெட்டுப் பேர். அயர்லாந்தின் சரித்திரத்தை அந்த ஊர்ப் பழைய பாட்டுகளாலேயே சொல்வது என்பது திட்டம். பாட்டு வரிகளை ஆர்டர் எழுதும் தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் அதை எட்டிப் பார்த்து, எந்த மேசைக்கு என்று கேட்டார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நோரா கதை சொல்வார். ஆண்டவர்கள் பள்ளிக்கூடத்தைத் தடை செய்தபோது வேலியோரத்தில் ஒளிந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது. உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்தபோது, துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றிய கப்பல் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. குத்தகை கட்ட முடியாத குடியானவர்களின் வீட்டை இடித்து வெளியே துரத்தியது. இதைக் கேட்டபோது குழுவின் செயலாளர் சந்திரன் சார், ஓய்வுபெற்ற ஆசிரியர், என் காதருகில் குனிந்தார்.

"நம்ம தாது வருஷப் பஞ்சம் மாதிரியே இருக்குண்ணே. அங்கயும் அரிசி கப்பல்ல போச்சு, சனங்க ரோட்டுல செத்தாங்க. எங்க கொள்ளுத்தாத்தா அந்தப் பஞ்சத்துலதான் கப்பலேறி சுங்கை பாக்காப் தோட்டத்துக்கு வந்தாரு."

"அவரைப் பத்திப் பாட்டு இருக்கா சார்?" என்றேன்.

"எங்க இருக்கு? பேருகூட முழுசாத் தெரியாதுண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அன்று தெரியவில்லை. ஒரு சின்னத் தீவுக்காரர்கள் தங்களை இடித்துத் துரத்திய காலையைக்கூட வீடு வீடாகப் பாட்டில் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் அதைவிடப் பெரிய பஞ்சத்தில் பிழைத்து, கடல் தாண்டி வந்து, காடு திருத்தி, பெயரைக்கூட விட்டுவிட்டார்கள்.

வீடு வீடாக என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பாட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, நோராவின் அம்மா பாடியது. ஒரே காலையில் இடிக்கப்பட்ட ஏழு வீடுகள். பாடுகிறவள் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கரையோரத்துப் பாட்ரிக் வீடு. விதவை பிரிஜிட் வீடு. இப்படி ஏழு. தனியாள் பாட்டு அது, நாங்கள் சும்மா நிற்க வேண்டியதுதான்.

ஒத்திகையில் நோரா முதல் வீட்டைக் கூப்பிட்டார். நான் என்னையறியாமல் திருப்பிச் சொல்லிவிட்டேன். குரலைத் தாழ்த்தி, கடையில் சொல்கிற அதே தோரணையில், 'கரையோரத்துப் பாட்ரிக் வீடு.' எல்லாரும் சிரித்தார்கள். ஆஸ்திரேலியர் ஒருவர், 'தே தாரிக் ரெண்டு' என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நோரா மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். 'சிராஜ், அதை மறுபடி செய்' என்றார். இரண்டாம் வீட்டைக் கூப்பிட்டார், சொன்னேன். ஏழும் முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அம்மா பாடும்போது அந்த வீடுகள் வெறுமனே கூப்பிடப்பட்டு நின்றுவிடும், இத்தனை வருஷம் கழித்து யாரோ பதில் சொன்னதுபோல் இருக்கிறது என்றார். அன்றிலிருந்து அந்த ஏழு பதிலும் என்னுடையது என்று ஆயிற்று.

4

நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சந்திரன் சார் கடைக்கு வந்தார். நான் மீலோ ஆற்றிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்ததுமே சாப்பிட வரவில்லை என்று தெரிந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க லா. ஹால்காரங்க லிஸ்ட் கேட்டாங்க. டிக்கெட் போட்டு நடத்துற ஷோ, வெளிநாட்டுக்காரங்க மேடை ஏறுனா தனியா பெர்மிட் காட்டணுமாம். அந்த ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு முன்னாடியே வாங்கிட்டோம். உங்களை நான் நம்ம ஆளுன்னே நெனச்சிட்டேன்ணே. என் தப்புதான்."

"நான் உங்க ஆளு இல்லையா சார்?"

"உங்க விசா பாஸ்ல வேற மாதிரி இருக்கேண்ணே. இனி மனு போட்டா நேரம் பத்தாது."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் தப்பைத் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள், பிறகு நாம் கத்தவும் முடியாது. அன்று அவர் கேட்காமலே ஒரு தே ஓ கலந்து கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

நோரா குழுவோடு சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஏழு பதிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். முடியாது, இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

வீட்டில் எனக்கு ஆதரவு கிடைக்கும் என்று நினைத்தது என் மடத்தனம்.

"பதினோரு வருஷமா பேப்பருக்குக் காத்திருக்கோம்" என்றாள் மும்தாஜ். "ஒரு பாட்டுக்காக அதைக் கெடுத்துக்கப் போறீங்களா? வருஷா வருஷம் கையெழுத்துப் போடுறவ நான். ஏதாவது ஆச்சுன்னா என்னையும்தான் கேப்பாங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. நான் மேடையேற மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் டிக்கெட் வாங்கினேன். அடுத்தவர்போலப் போய்க் கேட்டுவிட்டு வருவேன், அதைத் தடுக்க யாராலும் முடியாது என்றேன். மும்தாஜ் கொஞ்சம் யோசித்தாள்.

"நஸ்ரின், நீயும் அத்தா கூடப் போ. அவர் ஏதாவது பண்ணப் பார்த்தாருன்னா சட்டையைப் புடிச்சி இழு."

நஸ்ரின் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "ஏன் நான்?" என்றாள். அந்த வாரத்தில் அவள் வீட்டில் பேசிய முதல் தமிழ் அது.

5

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. ஜி வரிசை, பதினான்காம் நாற்காலி எனக்கு. பதினைந்து நஸ்ரினுக்கு. நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் என் இடம் அப்படியே இருந்தது. பின்வரிசையில் சந்திரன் சாருக்கும் சீனப் பெரியவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. நெருங்கி நின்று மூடிவிட்டிருக்கலாம், மூடவில்லை.

பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. வேலியோரப் பள்ளிக்கூடம் போனது. பஞ்சம் வந்தது. கப்பலேறுகிறவனுக்கு ஊரார் இழவு வீடுபோல் கூடி உட்கார்ந்து பாடி வழியனுப்பும் பாட்டு வந்தது. உயிரோடு இருப்பவனுக்கே அப்படிச் செய்வார்களாம், திரும்ப மாட்டான் என்று தெரியுமாதலால்.

எனக்கு யாரும் பாடவில்லை. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று எங்கள் பஸ்ஸிலேயே பயணியாக ஏறினேன். என் இடத்துக்கு வந்திருந்த புதுக் கண்டக்டருக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது. திருவாடானையில் அவர் கூவியது படியில் நின்றவருக்கே கேட்கவில்லை. ஒரு கிழவி இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே 'திருவாடானை' என்று ஒரு சத்தம் போட்டேன். தேவகோட்டைக்கும் நானே கூவினேன், காரைக்குடிக்கும் நானே. டிக்கெட் எடுத்த பயணி ஊர்ப் பெயரைக் கூவக் கூடாது என்று அந்தக் கண்டக்டர் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

மேடையில் நோரா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அந்தப் பாட்டைத் தொடங்கினார். கரையோரத்துப் பாட்ரிக் வீடு. பிறகு அமைதி. அவருடைய கை மட்டும் அசைந்தது, நான் பதில் சொல்ல வேண்டிய அளவுக்குச் சரியாக நான்கு அசைவு. விதவை பிரிஜிட் வீடு. மறுபடி அமைதி, நான்கு அசைவு. சந்திரன் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அப்படி இருந்ததில்லை. மூன்றாம் வீட்டைக் கூப்பிட்டதும் பதில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. உட்கார்ந்தபடிதான், ஆனால் என் குரல் உங்களுக்குத் தெரியுமே. முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. நஸ்ரின் என் சட்டையைப் பிடித்தாள்.

அந்த முதல் பதில் பழக்கத்தில் வந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால்கூடக் கேட்பேன். இரண்டாவது அப்படியல்ல. நோரா நான்காம் வீட்டைக் கூப்பிட மூச்சு எடுத்தபோது நான் எழுந்து நின்றேன். என் கால் மேடையில் இல்லை. என் பெயர் பட்டியலில் இல்லை. என் பையில் டிக்கெட் இருந்தது. தெரிந்தே, வேண்டுமென்றே, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பதில் சொன்னேன். நீங்கள் பார்த்த வீடியோ அந்த இடம்தான்.

நோரா திரும்பினார். பாடகர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, விரலை நீட்டி, ஐந்தாம் வீட்டைக் கூப்பிட்டார். இந்த முறை என்னோடு பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல் சேர்ந்தது. ஆறாம் வீட்டுக்குப் பாதி அரங்கம் பதில் சொன்னது. மேடையில் சந்திரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது வீட்டுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. நஸ்ரின் உட்கார்ந்தபடியே பாடினாள். என் சட்டையை அவள் இன்னும் விடவில்லை. இழுக்கவுமில்லை.

அந்த இருபது விநாடி வீடியோவில் இது எதுவும் இல்லை.

6

வெளியே வந்ததும் சந்திரன் சார் ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க மேடை ஏறல. நான் மேல நின்னு பார்த்தேன். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

பயந்தவர் என்று எழுதினேன் அல்லவா, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே மும்தாஜுக்கு வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீல சட்டையில கொஞ்சம் தொந்தி தெரியுது" என்றாள். அத்தோடு விஷயம் முடிந்தது. போன வாரம் அலுவலகம் போனோம். அவள் கையெழுத்துப் போட்டாள், இன்னோர் ஆண்டுக்கு முத்திரை விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுபடி ஒரு நிகழ்ச்சி கேட்டிருக்கிறார்கள், அதே அரங்கம், இன்னும் இரண்டு மாதத்தில். சந்திரன் சார் இந்த முறை முன்கூட்டியே மனுப் போட்டுவிடலாம் என்று தாளோடு வந்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலில் குறிகூட வைத்திருந்தார்.

"வேணாம் சார்" என்றேன். "ஜி பதினாலு குடுங்க. போதும்."

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரியட்டும். இந்த நாட்டில் இருக்க நான் அனுமதி கேட்டேன். வேலை செய்ய அனுமதி கேட்டேன். என் மனைவிக்குக் கணவனாக இருக்கக்கூட ஆண்டுதோறும் அனுமதி கேட்கிறேன், இனியும் கேட்பேன். கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன். ஊரில் ரகளை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உம்மா மட்டும் அழ வேண்டாம்.

"சரி, எத்தனை டிக்கெட்?" என்றார் சார். மூன்று என்றேன். எனக்கு, மும்தாஜுக்கு, நஸ்ரினுக்கு.

"நஸ்ரினுக்கு எதுக்குண்ணே? அது போன சனிக்கிழமையே வந்து நோராகிட்டப் பேரு குடுத்துடுச்சே. இந்தத் தடவை ஏழாவது வீட்டைக் கூப்பிடுறது அதுதான். வீட்டுல சொல்லலையா?"

சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் நானும் எதுவும் கேட்கவில்லை. மாலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து நஸ்ரின் ஏழாவது வீட்டைக் கூப்பிட்டாள். நான் பதில் சொன்னேன்.



"அத்தா, ஸ்லோவா லா. நான் முடிக்கல இன்னும்."

"சரிம்மா" என்றேன்.

மறுபடி கூப்பிட்டாள்.